ஆர்எக்ஸ் 100 வீட்லயே ரெஸ்டோர் பண்றேன், ஆக்சிலேட்டரை விட்டாலும் ரேஸ் இறங்க மாட்டேங்குது

பொள்ளாச்சி_98சிசி:
எல்லாருக்கும் வணக்கமுங்க. வண்டி எங்க பெரியப்பாவோடது, 1991 மாடல் யமஹா ஆர்எக்ஸ் 100, டூ ஸ்ட்ரோக் பைக்கு. அவரு போனதுக்கப்புறம் தோட்டத்து கொட்டகையில தேங்கா மட்டைக்கு நடுவுல ரொம்ப வருஷமா கெடந்துச்சு. காயலாங்கடைக்காரன் வந்து வந்து கேக்கறான் கண்ணு, நீயே ஓட்டிக்கோன்னு பெரியம்மா குடுத்துட்டாங்க. கிக்கர் அசையவே இல்ல, பிளக் ஓட்டையில டீசலும் 2டி ஆயிலும் (டூ ஸ்ட்ரோக் இஞ்சின் ஆயில்) கலந்து ஊத்தி ஊற வெச்சு பின்வீலை டாப் கியர்ல போட்டு மெதுவா ஆட்டி ஆட்டி விடுவிச்சேன். சிலிண்டரை எடுத்து பாத்தா போர்ல, அதாவது சிலிண்டர் உள்சுவத்துல, ரிங்கு நின்ன எடத்துல துரு கோடு விழுந்திருந்துச்சு, கோயமுத்தூர்ல லேத்துல குடுத்து போரை 0.50 மில்லிமீட்டர் பெருசாக்கி ஓவர்சைஸ் போட்டாச்சு. பிஸ்டன், ரிங்கு, பின், சர்கிளிப், பேக்கிங் எல்லாம் புதுசு. கார்பரேட்டர் கழட்டி ஜெட்டெல்லாம் ஊதி சுத்தம் பண்ணி மாட்டுனேன், ஸ்டார்ட்டும் ஆயிருச்சு.

பிரச்சனை என்னன்னா, சூடான பிற்பாடு ஆக்சிலேட்டரை முறுக்கி விட்டா சத்தம் கீழ இறங்காம அங்கயே நிக்குது, சிலசமயம் தானா ஏறிக்கிட்டே போகுது. ஏர் ஸ்க்ரூவை எவ்ளோ திருகுனாலும் பெருசா வித்தியாசம் தெரியல. சோக் இழுத்தா மட்டும் இறங்குதுங்க. கார்பரேட்டரே மாத்திரலாமா? டேங்கை இன்னும் பெயின்டுக்கு குடுக்கல, அதுக்குள்ள இதை முடிச்சரலாம்னு பாக்கறேன்.

ஜெட்_நீடில்:
கார்பரேட்டர் வாங்குறதுக்கு முன்னாடி கேபிளை பாருங்க. ஹேண்டிலை முழுசா ஒடிக்கும்போது ரேஸ் கூடுதுன்னா கேபிள் எங்கயோ இழுபடுதுன்னு அர்த்தம். அடுத்து கார்பரேட்டர் உள்ள ஏறி இறங்குற ஸ்லைடு, அதுல வெட்டு இருக்கிற பக்கம் ஏர் கிளீனரைப் பாத்து இருக்கணும், மாத்தி போட்டா ஐடிலே நிக்காது. கார்பரேட்டர் கிண்ணத்துல ஃப்ளோட் (மிதவை) வெக்கிற பெட்ரோல் மட்டம் குறைவா இருந்தாலும் பெட்ரோல் பத்தாம இப்படி பண்ணும். ஸ்லோ ஜெட் ஓட்டை கண்ணுக்கே தெரியாத சைஸு, ஊதுனா மட்டும் போதாது, கிடார் கம்பியில மெல்லிசா இருக்கிறதை விட்டு பாருங்க, ஓட்டையை பெருசாக்கிடாதீங்க.

புதுப்பேட்டை_சுத்தி:
ப்ரோ ஏன் கஷ்டப்படுற, ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்ல ஒரு ரவுண்டு வந்தா புது கார்பரேட்டர் கெடைக்கும், மாட்டு, போய்க்கினே இரு. முப்பது வருஷ கார்பரேட்டர்ல ஸ்லைடு தேஞ்சு லொடலொடன்னு ஆடும், அதை என்ன சுத்தம் பண்ணாலும் டியூனிங் நிக்காது.

பட்டறைக்காரன்:
பொள்ளாச்சி தம்பி, முதல்ல வண்டிய ஆஃப் பண்ணு. இனிமே ஒரு தடவ கூட ஸ்டார்ட் பண்ணாத. நீயே பதிலை எழுதியிருக்க, சோக் போட்டா இறங்குதுன்னு. சோக் போட்டா பெட்ரோல் கூடுது, பெட்ரோல் கூடுனா சரியாகுதுன்னா இப்ப உள்ள காத்து அதிகமா போகுதுன்னு அர்த்தம். கார்பரேட்டர் வழியா போற காத்துன்னா ஏர் ஸ்க்ரூவுக்கு கட்டுப்படும். கட்டுப்படலேன்னா வேற எங்கயோ ஓட்டை. இப்படியே நாலு கிலோமீட்டர் ஓட்டுனா புதுசா போட்ட பிஸ்டன் சிலிண்டரோட புடிச்சுக்கும், லேத்துக்கு குடுத்த காசு போச்சு.

ஃபோர் ஸ்ட்ரோக் பாத்து பழகினவங்களுக்கு இது சட்டுன்னு புரியாது. டூ ஸ்ட்ரோக்ல பிஸ்டனுக்கு கீழ இருக்கிற கிராங்க் கேஸே ஒரு பம்பு. பிஸ்டன் மேல போகும்போது கீழ வெற்றிடம் வந்து, உள்பக்கம் மட்டும் திறக்கிற ரீட் வால்வு வழியா பெட்ரோலும் காத்தும் உள்ள இழுக்குது, கீழ வரும்போது அதையே அமுக்கி டிரான்ஸ்ஃபர் போர்ட் வழியா மேல தள்ளுது. அதனால கிராங்கோட ரெண்டு பக்கமும் இருக்கிற ஆயில் சீல் ஆயிலுக்காக மட்டும் இல்ல, காத்துக்காகவும்தான். இடது பக்கம் மேக்னெட் இருக்கிற பக்கம் சீல் போச்சுன்னா வெளிக்காத்தை இழுக்கும், ரேஸ் ஏறும், ஹெட்டு கொதிக்கும், பிளக் வெள்ளையா இருக்கும். வலது பக்கம் கிளட்ச் இருக்கிற பக்கம் போச்சுன்னா கியர் ஆயிலை இழுத்து எரிக்கும், தெருவையே மறைக்கிற புகை வரும், கியர் ஆயில் மட்டம் குறைஞ்சுக்கிட்டே போகும், பிளக் கருப்பா நனைஞ்சிருக்கும். உன் விஷயத்துல புகை அளவா இருக்குன்னா எனக்கு இடது பக்கம்தான் சந்தேகம். வருஷக்கணக்கா ஒரே எடத்துல நின்ன வண்டியில சீலோட உதடு காஞ்சு ஓடு மாதிரி ஆயிரும், கிராங்க் சுத்துனா ஒட்டாது.

டெஸ்ட் பண்ணாம எதையும் மாத்தாத. பிபி பாக்குற மிஷின் ஒண்ணு வாங்கு, டயல் இருக்கிறது, பேட்டரி போடுறது வேணாம்.

சும்மா_பாக்குறவன்:
அண்ணே பிபி வண்டிக்கா, இல்ல கார்பரேட்டர் விலை கேட்ட நமக்கா 😂

பட்டறைக்காரன்:
ரெண்டுக்கும் ஆகும். சிரிக்காம கேளு, வெளியூர்க்காரன் இதுக்குன்னே ஒரு கிட்டு விக்கிறான், அதை விட இது நல்லாவே வேலை செய்யும். பிபி மிஷின் 300 வரைக்கும் காட்டும், அது கிட்டத்தட்ட 6 பிஎஸ்ஐ. டூ ஸ்ட்ரோக் இஞ்சினுக்கு லீக் டெஸ்ட் பண்ண அவ்ளோதான் வேணும். கம்ப்ரஸர்ல காத்தடிச்சா நல்ல சீலும் பிதுங்கி வெளிய வந்துரும்.

கையில சுத்துற துணிப்பையை கழட்டிரு. பம்பிலேர்ந்து வர்ற ட்யூப்பு, டயலுக்கு போற ட்யூப்பு ரெண்டையும் டி ஜாயின்ட்ல சேரு, மீன்தொட்டி கடையில கிடைக்கும். மூணாவது வாயிலேர்ந்து ஒரு ட்யூப்பை எடுத்து ஒரு ரப்பர் கார்க்கு நடுவுல ஓட்டை போட்டு சொருகி, கார்பரேட்டரை கழட்டிட்டு அந்த வாயில கார்க்கை இறுக்கி கிளாம்ப் போடு. சைலன்சரை கழட்டி எக்ஸாஸ்ட் போர்ட்டை லாரி ட்யூப் ரப்பர் ஒரு துண்டு, மேல ஒரு இரும்பு தகடு, சைலன்சரோட நட்டையே வெச்சு இறுக்கு. ஆயில் பம்புலேர்ந்து வர்ற சின்ன குழாய் சேர்ற முனையை மறந்துராத, அதையும் அடை, நிறைய பேரு இதை விட்டுட்டு லீக் இருக்குன்னு இஞ்சினையே பிரிச்சிருக்கான். பிளக் மாட்டியே இருக்கட்டும். பிஸ்டனை கீழ கொண்டு வந்து வை. இப்ப மெதுவா அடிச்சு 300க்கு கொண்டு வந்து நிறுத்து. முள்ளு அங்கயே நிக்கணும், ஒரு நிமிஷத்துல லேசா அசைஞ்சா பரவால்ல. இறங்குனா சோப்புத் தண்ணி பிரஷ்ல தொட்டு ஒவ்வொரு ஜாயின்ட்டா தடவு, பஞ்சர் கடையில ட்யூப்பை தண்ணியில முக்கி பாக்குறது எப்படியோ அப்படித்தான், முட்டை வர்ற எடம்தான் ஓட்டை.

ஜெட்_நீடில்:
அண்ணன் சொன்ன வரிசைதான் சரி, நான் கார்பரேட்டர்லயே நின்னுட்டேன். ஒண்ணு மட்டும் சேர்த்துக்கறேன், சிலர் இஞ்சின் ஓடும்போதே ஜாயின்ட்ல பெட்ரோல் தெளிச்சு ரேஸ் மாறுதான்னு பாப்பாங்க. வீட்டு போர்டிகோவுல அதை செய்யவே செய்யாதீங்க, சைலன்சர் சூட்டுல குப்புனு புடிச்சுக்கும்.

கொல்லிமலை70:
நாமக்கல்லேர்ந்து. என்கிட்ட ஆர்எக்ஸ் 135 ஒண்ணு, சுசுகி மேக்ஸ் 100 ஒண்ணு ரெண்டும் ஓடிக்கிட்டிருக்கு. என் கருத்து, அவ்ளோ வருஷம் நின்ன வண்டின்னா டெஸ்ட் எல்லாம் தேவையில்ல, கிராங்க் கேஸை பிரிச்சு ரெண்டு சீல், ரெண்டு மெயின் பேரிங், கனெக்டிங் ராடு கிட்டு எல்லாம் ஒரே அடியா போட்டுருங்க. டூ ஸ்ட்ரோக்ல கிராங்க் ஆயில்ல முங்கி இருக்கிறது கிடையாது, பெட்ரோலோட வர்ற ஆயில் பிசுபிசுப்பு மட்டும்தான். எக்ஸாஸ்ட் போர்ட் திறந்து நின்னிருந்தா ஈரக்காத்து உள்ள போய் பேரிங்ல புள்ளி புள்ளியா துரு புடிச்சிருக்கும். இப்ப சத்தம் வராது, ஒரு மாசம் ஓடுனா கொர்ர்ருன்னு வரும்.

பட்டறைக்காரன்:
கொல்லிமலை சொல்றது தப்புன்னு சொல்ல மாட்டேன், ஆனா வீட்ல வெச்சு பண்றவன் கிராங்க்கை பிரஸ்ல குடுத்து ராடு மாத்தி, திரும்ப ரெண்டு வெயிட்டையும் சென்டர் பாத்து ட்ரூ பண்ணி, அதாவது கோணல் இல்லாம நேராக்கி, வாங்கணும், அது தெரிஞ்ச ஆளு இப்ப ஒரு ஊருக்கு ஒருத்தர் இருந்தா பெருசு. சரியா ட்ரூ ஆகாத கிராங்க்கு இருந்ததை விட மோசம். தம்பி, நீ சிலிண்டர் கழட்டி இருந்தப்ப கனெக்டிங் ராடை புடிச்சு மேல கீழ இழுத்து பாத்தியா? பக்கவாட்டுல ஆடுறது நார்மல், மேல கீழ துளி கூட ஆடக்கூடாது. கட்டைவிரல்ல டொக்குன்னு ஒரு தட்டு தெரிஞ்சா ராடு போச்சு.

பொள்ளாச்சி_98சிசி:
பாத்தேனுங்ண்ணா, மேல கீழ ஆட்டமே இல்ல. கிராங்க்கை கையில சுத்துனப்பவும் பேரிங் நறநறன்னு இல்ல. எக்ஸாஸ்ட்ல பெரியப்பா துணி அடைச்சு வெச்சிருந்தாருங்க, அதனால தப்பிச்சிருக்கும்னு நினைக்கறேன்.

பிபி செட்டு வந்துருச்சு, பெரியம்மாவோட பழசு. டெஸ்ட் போட்டேனுங்க. 300க்கு அடிச்சு கையை எடுத்த உடனே முள்ளு விறுவிறுன்னு இறங்கி பாதிக்கு கீழ போயிருச்சு. கார்பரேட்டர் ஜாயின்ட்ல சோப்பு தடவுனேன், ஒண்ணுமில்ல. சிலிண்டர் அடி பேக்கிங் சுத்தி ஒண்ணுமில்ல, ஹெட்டுலயும் இல்ல. இடது பக்க கவர் எடுத்து, புல்லர் போட்டு மேக்னெட்டை கழட்டி, பிளேட்டுக்கு அடையாளம் கோடு போட்டு அதையும் எடுத்துட்டு சீல் மேல பிரஷை வெச்சேன். கிராங்க் தண்டு சுத்தி அடிப்பக்கம் ஒரு எடத்துல மட்டும் பொடிப்பொடியா முட்டை வந்து வரிசையா பொங்குது, தண்டை கால் சுத்து திருப்புனா அது எடம் மாறுது. சீலோட ரப்பரை நகத்துல அழுத்துனா உள்ள போகவே இல்ல.

பட்டறைக்காரன்:
அதேதான். மேக்னெட்டை சுத்தியில தட்டாம புல்லர் போட்டு எடுத்தியே, அதுவே பாதி வேலை. தட்டி கழட்டுறவன் கிராங்க்கு அலைன்மென்ட்டை தட்டி விட்டுருவான்.

அந்த சீலை கேஸ் பிரிக்காம வெளியிலேர்ந்தே மாத்தலாம். பழைய சீலோட தகட்டுல சின்னதா ஒரு ஓட்டை போட்டு, டிரில் உள்ள இறங்கிடாம பாத்துக்கோ, ஒரு திருகாணியை பாதி ஏத்தி பிளையர்ல இழு. இரும்புத்தூள் உள்ள விழாம டிரில் முனையில கிரீஸ் தடவிக்கோ. கிராங்க் தண்டுல ஸ்க்ரூடிரைவர் கீறல் விழுந்துச்சுன்னா புது சீலும் ஒழுகும். புதுசு போடும்போது ஸ்பிரிங் தெரியிற பக்கம் உள்ள, கிராங்க்கைப் பாத்து. உதட்டுல கிரீஸோ 2டி ஆயிலோ தடவு. சீல் அகலத்துக்கு ஏத்த பாக்ஸ் ஸ்பேனரை மேல வெச்சு நேரா இறக்கு. தண்டுல பழைய சீல் தேஞ்ச பள்ளம் கோடா இருந்தா அதே எடத்துல உக்கார வைக்காத, ஒரு மயிரிழை முன்ன பின்ன வை.

புதுப்பேட்டை_சுத்தி:
ஓகே ப்ரோ கார்பரேட்டர் வாபஸ் 😅 ஆனா சீல் வாங்கும்போது உஷாரு. ஆர்எக்ஸ்க்கு டிமாண்ட் ஏறுனதுலேர்ந்து ஒரிஜினல்னு கவர் மட்டும் அடிச்சு உள்ள என்னத்தையோ வெச்சு குடுக்குறானுங்க. கவரை பாக்காத, பழைய சீல் மேல மூணு சைஸ் அச்சடிச்சிருக்கும், உள்விட்டம், வெளிவிட்டம், தடிப்பு. அதை எழுதிக்கினு போய் பேரிங் கடையில கேளு, நல்ல கம்பெனி சீலே கெடைக்கும், வண்டி பேரை சொன்னாதான் விலை ஏறும்.

சும்மா_பாக்குறவன்:
இதெல்லாம் விடுங்க, என்ன கலர் அடிக்க போறீங்க? பீக்காக் ப்ளூவா செர்ரி ரெட்டா? நான் இதுக்காகத்தான் இந்த இழையே படிக்கிறேன்

ஜெட்_நீடில்:
பெயின்ட் கடைசி ப்ரோ. பெயின்ட் முடிஞ்ச டேங்கை மாட்டி அதுக்கப்புறம் பெட்ரோல் டேப்பு ஒழுகி புது பெயின்ட் உரிஞ்ச கதை ஊருக்கு ஒண்ணு இருக்கு. பொள்ளாச்சி, டேங்க் உள்ள துரு எப்படி இருக்கு? இப்ப பங்க்ல வர்றது பெரும்பாலும் ஈ20, அதுல 20 சதவீதம் எத்தனால். எத்தனால் ஈரத்தை இழுக்கும், வண்டியை மாசக்கணக்குல நிறுத்துனா தண்ணி கீழ தனியா பிரிஞ்சு டேங்க் அடியில உக்காந்து துரு போடும். 1991ல பண்ண டேப்பு வாஷர், ஃப்ளோட் ஊசி முனை ரப்பர் எதுவும் அதுக்காக பண்ணது இல்ல, ஊதி போயிரும். நிறுத்தி வைக்கிறதா இருந்தா டேப்பை மூடி கார்பரேட்டர் காலி ஆகுற வரைக்கும் ஓட்டி நிறுத்துங்க. அதோட எத்தனால்ல ஆக்சிஜன் இருக்கிறதால பழைய ஜெட்லயே கொஞ்சம் லீனா, அதாவது பெட்ரோல் கம்மியா காத்து அதிகமா, ஓடும், சீல் மாத்தினதுக்கப்புறமும் பிளக் வெளுப்பா இருந்தா மெயின் ஜெட்டை ஒரு நம்பர் ஏத்துங்க. பழைய ஆளுங்க சொல்ற ஜெட் நம்பர் பழைய பெட்ரோலுக்கு.

பொள்ளாச்சி_98சிசி:
டேங்க்ல சிட்ரிக் ஆசிட் கரைச்சு ஊத்தி ராத்திரி பூரா வெச்சேனுங்க, உள்ள தகடு வெள்ளி மாதிரி தெரியற அளவுக்கு வந்துச்சு. சோடா உப்பு தண்ணியில கழுவி வெயில்ல வெச்சு எடுத்தா மறுபடி மஞ்சளா துரு படலம்! இப்ப திரும்ப பண்ணி, கழுவுன கையோட ஹேர் டிரையர்ல காய வெச்சு உடனே பெட்ரோலும் 2டியும் கலந்து உள்ள குலுக்கி விட்டுட்டேன்.

இன்னொரு சந்தேகம், ஆயில் பம்பை வெச்சுக்கறதா, எடுத்துட்டு பெட்ரோல்லயே கலந்து ஊத்தறதா? எங்கூரு மெக்கானிக்கு பம்பை தூக்கி போடுங்க, அது என்னைக்கு நிக்குதோ அன்னைக்கு இஞ்சின் போச்சுங்கறாரு.

கொல்லிமலை70:
மெக்கானிக்கு சொல்றது சரி. நான் ரெண்டு வண்டியிலயும் எடுத்துட்டேன். லிட்டருக்கு 25 மில்லி, அதாவது நாப்பதுக்கு ஒண்ணு, கேப்புல அளந்து ஊத்து, குலுக்கு, போயிட்டே இரு. பம்பு ஆயில் டேங்க்ல ஆயில் தீந்தது தெரியாம ஓட்டி பிஸ்டன் புடிச்ச வண்டி எத்தனையோ பாத்திருக்கேன்.

ஜெட்_நீடில்:
எனக்கு உடன்பாடு இல்ல. இந்த ஆயில் பம்பு (ஆட்டோலூப்னு பேரு) இஞ்சின் வேகத்துக்கும் ஆக்சிலேட்டர் திறப்புக்கும் ஏத்த மாதிரி ஆயிலை கூட்டிக் குறைக்கும். ஐடில்ல கொஞ்சமா, முழு முறுக்குல நிறைய. கலந்து ஊத்துனா எல்லா நேரமும் ஒரே அளவு, டிராஃபிக்ல புகை, பிளக் கரி. அப்புறம் கொல்லிமலை அண்ணே, உங்க ஊர்லயே 70 கொண்டை ஊசி வளைவு இறங்குறீங்களே, ஆக்சிலேட்டரை மூடிட்டு இஞ்சின் பிரேக்ல இறங்கும்போது பெட்ரோல் போறது கம்மி, அப்போ பெட்ரோலோட போற ஆயிலும் கம்மி, ஆனா இஞ்சின் சுத்துறது வேகமா. பம்பு இருந்தா அந்த நேரத்துலயும் கொஞ்சம் ஆயில் தள்ளிக்கிட்டே இருக்கும்.

கொல்லிமலை70:
அது உண்மைதான், அதுக்குத்தான் நாங்க இறங்கும்போது நடுநடுவுல கிளட்ச் புடிச்சு ஒரு முறுக்கு முறுக்கி விடுவோம். பழக்கம் வந்துட்டா கை தானா பண்ணும். பம்பு கெட்டா சொல்லாம கெடும், அதுக்கு பதில் சொல்லுங்க.

பட்டறைக்காரன்:
ரெண்டு பேரும் சரி, சண்டை வேணாம். பம்பு நல்லா இருந்தா வெச்சுக்கோ. நல்லா இருக்கான்னு பாக்க குழாய் ரெண்டையும் புதுசு போடு, பழசு மஞ்சளா விறைச்சு ஜாயின்ட்ல காத்து இழுக்கும். பம்புல காத்து வெளியேத்துற ஸ்க்ரூவை தளர்த்தி குமிழி இல்லாம ஆயில் வர்ற வரைக்கும் விட்டு இறுக்கு. கேபிளை பம்பு மேல இருக்கிற குறிக்கு சரி பண்ணு, நிறைய பேரு ஆக்சிலேட்டர் கேபிளை மாத்துவான், பம்பு கேபிளை திரும்பி கூட பாக்க மாட்டான். புது போருக்கு முதல் டேங்க் மட்டும் பம்பு ஓடும்போதே லிட்டருக்கு 10 மில்லி கூட சேத்து ஊத்து, பம்பு காலை வாரினாலும் தாங்கும். அதுக்கு மேல ஊத்தாத. ஆயில் கூடுனா அந்த அளவுக்கு ஜெட் வழியா போற பெட்ரோல் குறையும், பாதுகாப்புன்னு நினைச்சு அள்ளி ஊத்தி லீனாக்குறவன் இருக்கான்.

இன்னொண்ணு கேக்க விட்டுட்டேன், லேத்துல போர் பண்ணி வந்தப்ப போர்ட் ஓரமெல்லாம் சாம்ஃபர் அடிச்சு, அதாவது கூர்மையை மழுக்கி, குடுத்தானா? விரல் விட்டா ஓரம் வெட்டுதா வழுக்குதா?

பொள்ளாச்சி_98சிசி:
வழுக்குதுங்ண்ணா, மாட்டறதுக்கு முன்னாடியே பொடி எமரியில எல்லா போர்ட் ஓரமும் தேச்சுட்டேன், ரிங்கு வாயும் பின்னுல சரியா உக்காந்துருக்கு.

அப்டேட்: இடது சீல் புதுசு போட்டாச்சு. திரும்ப டெஸ்ட்ல 300ல முள்ளு நிக்குதுங்க, டீ குடிச்சுட்டு வந்து பாத்தாலும் பெருசா இறங்கல. வலது சீலை தொடல. ஸ்டார்ட் பண்ணி சூடாக்கி முறுக்கி விட்டா பட்டுனு இறங்கி டொக் டொக்னு நிக்குது. ஏர் ஸ்க்ரூ இப்ப பேச்சை கேக்குது.

சும்மா_பாக்குறவன்:
வீடியோ போடுங்க, அந்த சத்தத்தை கேக்கணும்

டீச்சர்_சேலம்:
வாழ்த்துகள் தம்பி. இடையில நுழையறேன், ஆர்சி பெரியப்பா பேர்லதானே இருக்கு? எங்க வீட்டுக்காரர் வண்டிக்கு நான் அலைஞ்ச அலைச்சல் தெரியும், அதான். ஓனர் இறந்துட்டா ஃபார்ம் 31, கூட இறப்பு சான்றிதழ், வாரிசு சான்றிதழ். முதல்ல பெரியம்மா பேருக்கு மாத்திட்டு அப்புறம் அவங்ககிட்டேர்ந்து உங்க பேருக்கு 29, 30 போடறதுதான் நேர் வழி. ஆர்சி காலாவதி ஆயிருந்தா ஃபார்ம் 25ல புதுப்பிக்கணும், அஞ்சு வருஷத்துக்கு குடுப்பாங்க. 20 வருஷம் தாண்டின டூவீலருக்கு புதுப்பிக்கிற கட்டணத்தை 2025 ஆகஸ்ட்ல 2000 ரூபாய்னு ஏத்திட்டாங்க, பசுமை வரி, தாமத அபராதம் தனி. இன்ஸ்பெக்‌ஷனுக்கு இஞ்சின் நம்பர், சேசிஸ் நம்பர் பென்சில்ல தேய்ச்சு எடுப்பாங்க. பவுடர் கோட்டிங் குடுக்கறப்ப அந்த எடத்துல டேப் ஒட்டி குடுங்க, நம்பர் மேல கோட்டிங் ஏறி படிக்க முடியாம போனா ஆர்டிஓ ஆபீஸ்ல உங்களைத்தான் திருடன் மாதிரி பாப்பாங்க.

பொள்ளாச்சி_98சிசி:
ரொம்ப நன்றிங்க டீச்சர், ஃபிரேம் அடுத்த வாரம் கோட்டிங்குக்கு போக வேண்டியது, நல்ல நேரத்துல சொன்னீங்க. பெரியம்மாகிட்ட வாரிசு சர்டிபிகேட் இருக்கு, பாங்க்குக்கு வாங்குனது.

கடைசியா ஒண்ணு அண்ணா, இழுவை மேல் வேகத்துல கொஞ்சம் மந்தமா இருக்குங்க, சைலன்சர் முனையில கருப்பா எண்ணெய் சொட்டுது. சைலன்சரை மாத்தோணுமா?

பட்டறைக்காரன்:
மாத்தாத, பழைய சைலன்சர் தகடு இப்ப வர்றதை விட கனம். சைலன்சர் வால் முனைக்கு அடியில ஒரு சின்ன போல்ட்டு இருக்கும், கழட்டிட்டு உள்ள இருக்கிற பேஃபிளை, அதாவது ஓட்டை போட்ட உள்குழாயை, பிளையர்ல முறுக்கி இழு. வரலேன்னா ஹீட்டிங் டார்ச் காட்டி இழு. ஓட்டையெல்லாம் கரி அடைச்சு ஒரே தண்டா இருக்கும் பாரு. அதை காஸ்டிக் சோடா தண்ணியில ராத்திரி ஊற வை, காலையில கம்பி பிரஷ் போட்டா உதிரும். அதை மட்டும்தான். சிலிண்டர் ஹெட்டு, பிஸ்டன், கார்பரேட்டர் எதையும் அந்த தண்ணி பக்கம் கொண்டு போகாத, அலுமினியத்தை தின்னுரும்.

பொள்ளாச்சி_98சிசி:
சரிங்ண்ணா. காஸ்டிக் சோடா மளிகைக் கடையில கிடைக்குமுங்களா?

பட்டறைக்காரன்:
சோப்பு பண்ற சாமான் விக்கிற கடையில கேளு, செதில் செதிலா கிடைக்கும். இரும்பு வாளியில கரை, அலுமினிய குண்டா வேணாம். தண்ணிய முதல்ல ஊத்திட்டு அதுல சோடாவை கொஞ்சம் கொஞ்சமா போடு, சோடா மேல தண்ணி ஊத்துனா சீறி மூஞ்சியில தெறிக்கும். கண்ணாடியும் ரப்பர் கிளவுஸும் கண்டிப்பா போட்டுக்கோ, பெரியம்மா அந்த பக்கம் வராம பாத்துக்கோ.